துணிக்கட்டும் அதனைச் சுமப்பவளும்

கொட்டாஞ்சேனையில் பாடஞ் சொல்லும் ஆசிரியருக்குத் துறைமுகம் நோக்கிச் செல்லும் கொள்கலன் லொறிகளின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. அதற்கேற்பக் குரலை உயர்த்தியும் தாழ்த்தியும் இலக்கணம் நடத்தக் கற்றுக்கொண்டோம். அப்பெட்டிகளுள் என்ன செல்கிறது என்று ஆண்டுக்கணக்காக நான் வினவியதில்லை. வினவத் தூண்டியவள், சாதாரண தரப் பரீட்சையோடு கல்வியை நிறுத்திக்கொண்ட என் பழைய மாணவி ஒருத்தி.

கொழும்புக்கு வடக்கே, ஏற்றுமதிக்கெனக் காப்புடை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவள் வேலை செய்கிறாள். தீயணைப்போரும் உருக்காலைத் தொழிலாளரும் அணியும் உடைகள் அவை. அவள் தைப்பதில்லை. வெட்டும் பகுதியில் கட்டப்பட்ட துணிக்கட்டுகளைத் தையல் வரிசைகளுக்குக் கொண்டுசேர்ப்பதே அவள் கடமை. முகாமை நூல்கள் இதனை உள்ளகப் பொருள்நகர்வு என்று கூறும். அவளோ ‘ஹெல்பர் வேலை’ என்கிறாள்.

சாதாரணச் சட்டையொன்றிலே கட்டு மாறினால் நிறம் வேறுபடும், வாங்குபவர் முகஞ்சுளிப்பார். காப்புடையில் அவ்வாறன்று. தீயணைப்பவரின் மேலங்கி வெளித்துணி, நீர்த்தடை, வெப்பத்தடை என மூவகை அடுக்குகளால் ஆனது. வெவ்வேறு சுருள்களில் வெட்டப்படும் இவை ஒரே அளவினவாய், ஒரே வேளையில், ஒரே தையல்மேசையில் வந்து கூடவேண்டும். வெளித்துணிக்குப் பெரிதும் பயன்படும் அரமிட் நெருப்பைத் தாங்கும். ஆனால் நெடுநேரம் வெயில் பட்டால் வலிவிழக்கும். கண்ணுக்கோ அதுவும் ஏனைய துணிகளைப் போன்றதே. ஆதலால் சுருளின் இலக்கம் வெட்டிய துண்டோடும், துண்டின் இலக்கம் கட்டோடும் விடாது தொடர்கின்றது. 2018 ஏப்ரல் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2016/425ஆம் இலக்க ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி, காப்புச் சாதனம் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதை அடையாளங்காண முடியவேண்டும் என்கிறது. தொழில்நுட்ப ஆவணங்களைப் பத்தாண்டுகள் பேணச் சொல்கிறது.

எங்கிருந்து வந்தது, எங்கே செல்லவேண்டும், யார் கையேற்பார், எந்நிலையிற் சேரவேண்டும் என்னும் வினாக்களுக்கு விடையின்றி ஒரு கட்டும் அசைதல் ஆகாது. முன்பின் அறியாத ஒருவன் எங்கோ ஒரு நகரத்தில், எரியும் வீட்டினுள் நுழையும்போது கருகிவிடலாகாது என்பதற்காகவே இத்தனை விழிப்பு. இதனை அறம் என்று அழைக்க நான் தயங்கமாட்டேன்.

தயக்கம் பிறப்பது வேறோர் இடத்தில். ஒரு ஞாயிறன்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அந்தச் சுருள்ல வெயில் படக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்காங்க சேர். லொறி வர்ற வரைக்கும் நாங்க வெயில்லதான் நிக்கிறது.” தள்ளுவண்டியின் சில்லு உடைந்து மூன்று மாதமாகிறதாம். கட்டுகளை இடுப்பில் ஏந்திச் செல்கிறாள். இருபத்திரண்டு வயதில் இடுப்புவலிக்கு எண்ணெய் பூசுகிறாள்.

பொருளுக்கு விலை உண்டு, மனிதருக்கு மாண்பு உண்டு என 1785இல் காண்ட் வகுத்துரைத்தார். மனிதரிடையே நிலவும் உறவு பண்டங்களிடையே நிலவும் உறவாகத் தோற்றங்கொள்வதை 1867இல் மார்க்ஸ் விளக்கினார். இவ்விரண்டையும் பல்கலைக்கழகத்தில் படித்துக் குறிப்பெடுத்தவன் நான். ஆயினும் நிழலில் சுருளும் வெயிலில் பெண்ணும் என்ற காட்சியை அவள் வாய்மொழியாகக் கேட்கும்வரை அவை எனக்குப் பரீட்சை விடைகளாகவே இருந்தன.

நண்பர் ஒருவர், வெள்ளவத்தையில் என் அயலவர், இதனை மறுத்தார். தீக்குள் நுழைபவனுக்கு இருக்கும் ஆபத்து இவளுக்கு உண்டா? ஆபத்துக்கேற்ற காப்பு என்பதுதானே நியாயம்? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. இவளுக்கும் அரமிட் அங்கி வேண்டுமென எவரும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒழுங்குவிதி முழுவதும் அணிபவரின் உடலைப் பற்றியே பேசுகிறது. செய்பவரின் உடல் அதன் எல்லைக்குள் வருவதில்லை. ஆபத்தின் அளவு இங்கே பிரச்சினையன்று. அவனுடைய ஆபத்தை அளப்பதற்குப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. இவளுடையதை எவரும் அளக்கவே இல்லை. அளக்காத ஒன்றைச் சிறியது என்று எதைக்கொண்டு சொல்வது?

பொருள்நகர்வு என்னும் அறிவையே பகையாகக் கருதுவாரும் உளர். அதனை நான் ஏற்கேன். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ வீண்விரயங்களைப் பட்டியலிட்டபோது தேவையற்ற சுமத்தலையும் தேவையற்ற அசைவையும் அவற்றுள் சேர்த்தார். அந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டால் முதலில் திருத்தப்படவேண்டியது உடைந்த சில்லு. ஆனால் அதே கணக்கைக்கொண்டு, அவள் தண்ணீர் குடிக்க நின்ற நிமிடத்தையும் விரயம் எனக் குறிக்கலாம். நடப்பது இரண்டாவது. 2001இல் அந்நிறுவனம் தன் கோட்பாட்டின் இரு தூண்களுள் ஒன்றாக வைத்த ‘மனிதரை மதித்தல்’ நம் நாட்டுக்கு வந்த சரக்கில் எங்கோ தவறிவிட்டது போலும்!

2020ஆம் ஆண்டு இதனைப் பட்டவர்த்தனமாக்கியது. இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகள் பல, உலகச் சந்தைக்கு முகக்கவசமும் காப்பங்கியும் தைத்த ஆண்டு அது. அவ்வாண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தொற்றுக்குள்ளாயினர். அந்நாட்களில் கட்டுநாயக்கப் பகுதித் தொழிலாளர் பலர் இரவில், சில நிமிட அவகாசத்தில், தங்கியிருந்த விடுதிகளிலிருந்து பேருந்துகளில் ஏற்றப்பட்டதாகவும், எங்கே செல்கிறோம் என்பது அவர்களுக்குக் கூறப்படவில்லை எனவும் தொழிலாளர் அமைப்புகள் முறையிட்டன. ஒரு துணிக்கட்டை எந்த மேற்பார்வையாளரும் அவ்வாறு அனுப்பியிருக்க மாட்டார்.

பாதுகாப்பான, சுகாதாரமான தொழிற்சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றென சர்வதேசத் தொழில் அமைப்பின் மாநாடு 2022 யூனில் அறிவித்தது. நமது தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டமோ 1942ஆம் ஆண்டினது. தாளில் எழுதப்படாத நீதி என்று அதிகம் எஞ்சவில்லை. ஆனால் தாளுக்கும் தள்ளுவண்டிக்கும் இடையிலான தூரத்தை எவரும் நடப்பதாகத் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லாதுவிடின் நான் உண்மைக்குத் துரோகம் செய்தவனாவேன். அவள் தன் வேலையை வெறுப்பதில்லை. ஒருமுறை இரு கட்டுகளின் சீட்டு மாறியிருப்பதைக் கண்டு, திட்டு வாங்கிக்கொண்டே வரிசையை நிறுத்தச் செய்திருக்கிறாள். “மாத்திப் போட்டா அந்த மனுசன் செத்துருவான் சேர்” என்றாள். ஒழுங்குவிதியை அவள் படித்ததில்லை. அந்த மனிதனை மனக்கண்ணால் கண்டிருக்கிறாள், அவ்வளவே.

சென்ற ஞாயிறு ஊழியர் மன்றத்துக்குக் கொடுப்பதற்கென ஒரு மனுவோடு வந்தாள். சிங்களப் படியைத் தோழியொருத்தி எழுதியிருந்தாள். தமிழ்ப் படியைத் திருத்தித் தருவது என் பங்கு. ‘மானிட மாண்பு’ என்று தொடங்கி நான் ஒரு பந்தி எழுதிக் கொடுத்தேன். பொறுமையாக வாசித்தாள். பின்பு பேனாவை வாங்கி அப்பந்தியை அடித்துவிட்டு எழுதினாள்: தள்ளுவண்டி நான்குக்குச் சில்லு மாற்றவும். லொறி நிற்கும் இடத்தில் எங்களுக்கும் கூரை போடவும்.