தளர்ச்சியை அளத்தல்

மூப்பு வேறு, தளர்ச்சி வேறு. 80 ஆண்டு நிரம்பியும் கோலூன்றாது கோயில் வீதி சுற்றுவாரும் உளர். 65இல் ஒரு சுரங் கண்டபின் எழமாட்டாது கிடப்பாரும் உளர். சிறிய இடையூற்றையுந் தாங்குதற்குரிய உள்வலி குன்றிய இந்நிலையை முன்னரே கண்டறிதற்கு வைத்தியர்கள் அளவைகள் வகுத்துள்ளனர். அமெரிக்காவிலே லிண்டா பிரீட் என்னும் அம்மையாரும் அவரோடு ஆராய்ந்தாரும் 2001இல் ஐந்து குறிகள் கூறினர். முயலாமலே உடல் மெலிதல், ஓயாத அயர்வு, கைப்பிடி நெகிழ்தல், நடை தாழ்தல், உடலுழைப்புக் குறைதல் என்பன அவை. மூன்றேனும் உடையார் தளர்ந்தோர்; ஒன்றோ இரண்டோ உடையார் தளர்ச்சியின் வாயிலில் நிற்போர். வாயிலில் நின்றாரை உடற்பயிற்சியாலும் தக்க உணவாலும் மீட்டல் பலகாற் கூடும். அளவையின் பெரும்பயன் அங்கேதான் உள்ளதென்பது எமது துணிபு.

ஆயின், ஒரு நோக்கத்துக்கு வகுத்த அளவையை மற்றொரு நோக்கத்துக்கு எடுத்தாளுதல் முறையோ? கனடாவிலே றொக்வூட் என்பாரும் பிறரும் 2005இல் முதியோரின் தளர்ச்சியைப் படிகளாக வகுத்தனர். 2020 மார்ச்சு மாதத்திற் கொரோனா நோய் பரந்தபொழுது, இங்கிலாந்திலே மருத்துவ நெறி வகுக்கும் நைஸ் என்னும் நிறுவனம், தீவிர சிகிச்சை ஒருவர்க்குத் தகுமோவென ஆராயுங்கால் வளர்ந்தோர் யாவர்க்கும் அப்படிகளைக் கொள்க என்றது. குளித்தற்கும் உடுத்தற்கும் பிறருதவியை நாடும் அங்கவீனர், இளையோராயினும், அதனால் தளர்ந்தோராக எண்ணப்படும் நிலை வந்தது. அவர்க்காகப் பரிந்தோர் முறையிட, சில நாட்களுள்ளே, 65 வயதுக்குட்பட்டோர்க்கும் நெடுங்கால அங்கவீனர்க்கும் அப்படிகள் ஆகாவென நெறி திருத்தப்பட்டது. மிகத் தளர்ந்தார்க்குச் செயற்கைச் சுவாசம் துன்பமே தருதலும் உண்டென்பதை யாம் மறுக்கிலேம்.

ஆசிரியர்காள், இது நமக்குப் புதிதன்று. மாணாக்கன் எங்கே இடர்ப்படுகின்றான் என்றறிதற்கு வைத்த பரீட்சையின் புள்ளிகளைக் கொண்டே அவனை வகுப்பினின்றும் நீக்குதலை நாம் கண்டிருக்கின்றோம்; நம்முட் சிலர் செய்துமிருக்கின்றோம். புள்ளி பொய்யன்று, வினாவே மாறிவிட்டது.

அங்ஙனமாயின் அளவாதொழிதலே முதியோர்க்குச் செய்யும் மரியாதையெனின், அதுவும் பொருந்தாது. எம் அன்னையாரின் கைக்காப்பு மணிக்கட்டினின்றும் முழங்கையளவும் ஏறியிறங்கியதை யாம் நாடோறுங் கண்டோம். நீரிறைக்கும்பொழுது இடையிடையே கயிற்றை விட்டு நின்றதையுங் கண்டோம். வயதென்று சொல்லி வாளா இருந்தோம். அவரும் அதனையே சொன்னார். கிணற்றடியில் வீழ்ந்து தொடையெலும்பு முறிந்தபின் வந்த வைத்தியர், ஓராண்டில் எவ்வளவு மெலிந்தார் என்று வினவினார். வீட்டில் எவர்க்கும் விடை தெரியவில்லை.