எல்லையோரப் பள்ளி ஆசிரியர் எங்கே குடியிருப்பது?

பணியின் பொருட்டுப் பழக்கமில்லாத ஓர் ஊருக்குச் செல்லும் ஆசிரியர், அங்கே எந்தத் தெருவில் வீடு பார்ப்பது என்று முடிவு செய்யும்போது வாடகை, தண்ணீர், பேருந்து ஆகியவற்றை மட்டும் தேர்ந்துகொள்வதில்லை. யாருக்கு அண்டைவீட்டாராக இருக்கப்போகிறார், பள்ளி விட்ட பிறகு அவர் வாசலுக்கு யார் தயக்கமின்றி வரமுடியும் என்பதையும் அந்த முடிவிலேயே தீர்மானித்துவிடுகிறார். சீனாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் அயல்நாட்டினரிடையே இது நன்கு பழகிய கேள்வி: ஷாங்காயின் கூபெய், பெய்ஜிங்கின் சுன்யி போன்று வெளிநாட்டவர் திரண்டு வாழும் பகுதிகளில் தங்குவதா, உள்ளூர்க் குடும்பங்கள் நிறைந்த அடுக்ககத்தில் தங்குவதா என்று அவர்கள் நெடுநேரம் யோசிக்கிறார்கள். நாட்டின் எல்லையைத் தாண்டாமலேயே இதே கேள்வியைச் சந்திப்பவர்கள் கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் கிழக்கு ஓரத்தில் தமிழ் வழிப் பள்ளிகளில் பணியேற்கும் ஆசிரியர்கள். அவர்களுடைய தேர்வு சீனத்திற்குச் சென்றவரின் தேர்வைவிடக் கனமானது. ஏனெனில், அவர்கள் விருந்தினர்களாக வருவதில்லை, பணிக்காலத்தின் பெரும்பகுதியை அங்கேயே கழிக்க வருகிறார்கள்.

இந்நிலப்பகுதியின் மொழிநிலை 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்போடு பிணைந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த சித்தூர் தாலுக்காவும் அவ்வாறே நின்றது. அதே ஆண்டில் ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் 350ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்பது அதன் சாரம். கேரள அரசுப் பணித் தேர்வாணையம் தமிழ் வழி ஆசிரியர்களுக்கென்று தனியே தேர்வு நடத்துவது இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியே. அத்தேர்வில் வென்று, பாலக்காட்டுச் சமவெளியிலிருந்தோ திருவனந்தபுரத்தின் தென்கோடியிலிருந்தோ மூணாறு மலைக்குப் பணியாணையோடு வருபவர் தமிழர்தாம் என்றாலும், தோட்டத்து வாழ்க்கைக்கு அவர் புதியவரே.

மூணாற்றில் அவருக்குத் திறந்திருக்கும் வழிகள் குறைவு. பிள்ளைகள் வாழ்வது லயங்களில். அதாவது, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட, தோட்ட நிறுவனத்திற்குச் சொந்தமான சிறு வீடுகளில். வேலையில் இருக்கும்வரைதான் தொழிலாளிக்கே அந்த வீடு. ஓய்வு பெற்றதும் காலி செய்தாக வேண்டும் என்பதால், வெளியிலிருந்து வரும் ஆசிரியருக்கு அங்கே வாடகை வீடு என்ற பேச்சே இல்லை. 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலைநிலச் சட்டத்திற்குப் பிறகு இங்குள்ள நிலம் அரசிடமும் நிறுவனத்திடமுமே பெரும்பாலும் இருப்பதால் வீட்டுமனையும் அரிது. எஞ்சியிருப்பது மூணாறு நகரம். அங்கோ, சுற்றுலா வந்தபின் ஒரு மாத வாடகையைச் சில இரவுகளில் ஈட்டிவிட முடிகிற அறையை ஆசிரியர் குடும்பத்திற்கு விடுவதில் உரிமையாளருக்கு நாட்டமிருப்பதில்லை. ஆகவே பலரும் மலையிறங்கிப் போடிநாயக்கனூரிலோ கம்பத்திலோ குடும்பத்தை வைத்துவிட்டு, வாரம் முழுதும் ஓர் அறையில் தங்கி வெள்ளிக்கிழமை மாலையில் போடிமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ திரும்பிச் செல்லும் ஏற்பாட்டைத் தேர்கிறார்கள்.

இதைக் கடமை தவறுதல் என்று பழிப்பது நியாயமாகாது. வாழ்க்கைத்துணையின் வேலை, முதிய பெற்றோருக்கான மருத்துவம், சொந்தப் பிள்ளைகளின் படிப்பு ஆகியவை ஆசிரியருக்கும் உண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டில் இழக்கப்படுவது எது என்பதைத் தெளிவாகக் காண வேண்டும். கொழுந்து பறிக்கும் தாய், பெரட்டு எனப்படும் காலை வருகைப்பதிவுக்கு வீட்டைவிட்டு இறங்கியபின், தம்பி தங்கையரை எழுப்பிக் கிளப்பிப் பள்ளிக்கு வரும் பத்து வயதுப் பிள்ளையின் காலைப்பொழுது எப்படிப்பட்டது என்பது வருகைப்பதிவேட்டில் தெரியாது. மழைக்காலத்தில் அந்தப் பிள்ளை ஏன் தாமதமாக வருகிறது, ஏன் வீட்டுப்பாடம் எழுதாமல் வருகிறது என்ற கேள்விகளுக்கு விடை, அதே சரிவில் அதே மழையில் நடப்பவருக்கே எளிதில் கிடைக்கிறது. தாயும் மாலை ஐந்து மணிக்குப் பிறகுதான் ஆசிரியரைப் பார்க்க இயலும். அந்நேரத்தில் ஆசிரியர் ஜீப்பில் ஏறிப் போயிருந்தால் இருவருக்கும் இடையிலான பேச்சு பெற்றோர் கூட்டத்தோடு முடிந்துபோகிறது. வீடு தேடும் ஆசிரியர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளில் முதன்மையானது இதுவே: படிப்பை நிறுத்தப் போகிற ஒரு மாணவியின் தாய், வேலை முடிந்து நடந்தே வந்து கதவைத் தட்டக்கூடிய தொலைவில் இந்த வீடு இருக்கிறதா?

மலையில் இன்னொரு கணக்கும் உண்டு. 2018 ஆகஸ்டுப் பெருமழையில் மூணாற்றுக்கும் மறையூருக்கும் இடையிலான பெரியவரைப் பாலம் உடைந்து சாலை துண்டிக்கப்பட்டது. தேவிகுளத்திற்குக் கிழக்கே கேப் ரோடு எனப்படும் மலைப்பாதை 2019இலும் 2020இலும் சரிந்து மூடிக்கிடந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக மாநில எல்லை மூடப்பட்டபோது, வரைபடத்தில் மட்டும் இருந்த கோடு உண்மையான சுவராயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் மாண்டனர். அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். பாலத்திற்கு எந்தப் பக்கம், சரிவுக்குக் கீழா மேலா என்று வீட்டைத் தேர்வதற்கு முன் பார்த்தாக வேண்டும். ஆசிரியருக்கேனும் இப்படிப் பார்த்துத் தேரும் உரிமை இருக்கிறது. லயத்தில் ஒதுக்கப்பட்ட வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அதுவும் இல்லை என்பதை எண்ணாமல் இந்தப் பொருளைப் பற்றி எழுத முடியவில்லை.

பாலக்காட்டின் கிழக்கில் நிலை வேறு. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் ஆகிய ஊர்களில் வாடகை வீடு கிடைக்கும்; பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் பேருந்து உண்டு. மழை மறைவுப் பகுதியாதலால் இங்கே முதலில் விசாரிக்க வேண்டியது கிணற்றைப் பற்றி; கோடையில் லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் தெருக்கள் இங்கே பல. அதைவிட ஆழமான விசாரணை சாதியைப் பற்றியது. முதலமடைப் பஞ்சாயத்தின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், பதிவேடுகளில் சக்கிலியர் எனக் குறிக்கப்படும் மக்கள் தீண்டாமைக்கு ஆளாவதாக 2017இல் எழுந்த புகார் கேரளம் முழுதும் பேசப்பட்டது. அத்தகைய ஊரில் ஆசிரியர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், எந்தக் கடையில் தேநீர் குடிக்கிறார், யார் வீட்டுத் திருமணத்தில் இலைபோட்டு உண்கிறார் என்பவற்றைப் பிள்ளைகள் கூர்ந்து கவனிக்கிறார்கள். சமத்துவத்தைப் பற்றி வகுப்பில் அவர் எதைச் சொன்னாலும் அவருடைய முகவரியே அதற்குச் சாட்சியாகிறது. காலனியை ஒட்டி ஒரு வீடெடுத்துக் குடியிருக்கும் ஆசிரியர், ஒரு சொல்லும் சொல்லாமலேயே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறார்.

மொழியும் இருப்பிடத்தைப் பொறுத்ததே. வகுப்பு தமிழில் நடந்தாலும் அலுவலகச் சுற்றறிக்கை மலையாளத்தில் வருகிறது. 2017ஆம் ஆண்டின் சட்டம் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியிருக்கிறது. பிள்ளைகள் நாளை தாலுக்கா அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் பேசவேண்டிய மொழி அது. தமிழ் மட்டுமே கேட்கும் தெருவில் ஒதுங்கி வாழும் ஆசிரியரால் அந்த மறுகரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடியாது. மலையாளக் குடியிருப்பில் மட்டுமே வாழ்பவர் தோட்டத்துத் தமிழின் சாயலை இழந்து, பிள்ளையின் பேச்சைப் பிழையென்று திருத்தத் தொடங்கிவிடுகிறார். மளிகைக் கடையில் ஒருவர் தமிழில் கேட்க மற்றவர் மலையாளத்தில் விலை சொல்லும் மறையூர், குமுளி, கொழிஞ்சாம்பாறை போன்ற கடைத்தெருக்களின் பின்புறத்துச் சந்துகள், பள்ளிக்கு நடந்துபோகும் தொலைவில் இருக்குமானால், எல்லா வகையிலும் மேலான தேர்வு.

ஆனால் தேர்வே இல்லாத இடங்களும் உள்ளன. கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்தாக 2010இல் உருவான, முதுவான் மக்கள் வாழும் இடமலைக்குடியிலும், தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே சாலையில் சென்றடையத்தக்க பரம்பிக்குளத்திலும் நாள்தோறும் போய்வருதல் என்ற எண்ணத்திற்கே இடமில்லை. தங்குபவர் இருந்தால் பள்ளி நடக்கும், இல்லையேல் கதவு மூடிக்கிடக்கும். இத்தகைய இடங்களில் ஆசிரியரின் தியாகத்தை வாழ்த்திவிட்டு ஒதுங்கிக்கொள்வது அரசுக்கும் சமூகத்திற்கும் எளிது. அந்த வாழ்த்து பாதுகாப்பான கூரையாகவோ, கழிப்பறையாகவோ, மின்விளக்காகவோ ஆவதில்லை. தொலைவிலுள்ள ஒவ்வொரு தமிழ் வழிப் பள்ளியின் வளாகத்திலும் இரண்டு குடும்பங்கள் தங்கத்தக்க குடியிருப்பைக் கட்டுவதே 350ஏ பிரிவைச் செயலாக்கும் நேரான வழி. அதுவரை, இம்மலைகளுக்குப் புதிதாகப் பணியேற்று வரும் ஆசிரியர்கள் வீட்டுத் தரகரைத் தேடுவதற்கு முன் பள்ளியின் மதிய உணவுச் சமையலறைக்குச் சென்று அங்கே சமைப்பவரிடம் விசாரிக்கட்டும். எந்த வீடு காலியாக இருக்கிறது, எந்தக் கிணறு வற்றாது, எந்தப் பாதை மழையில் மூடும், எந்தத் தெருவுக்குப் பிள்ளைகளின் பெற்றோர் கூசாமல் வருவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.