குடிக்கூலி யாருடைய கூலி?

வாடகைக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் குடிக்கூலி. கூலி என்னுஞ் சொல் உழைத்தவன் கைக்கே உரியது. இந்நாட்டுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக அது நம்மவர்க்குப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. வீட்டுடையவன் வாங்கும் பணத்திற்கும் அதே பெயரா? மாதப் பிறப்பன்று கைநீட்டுவதன்றி அவன் செய்யும் வேலை யாது? இவ்வாறு இளமையில் யான் ஏளனஞ் செய்ததுண்டு. தோட்டத்துக் கிராணியாகிய யானே இப்பொழுது ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் வாங்கவே ஆசைப்பட்டேன். 2001-இல் சென்ட்ரல் இரயில் நிலையம் அருகே எழுந்த பின்னர் அவ்வூர் விலை என் சம்பளத்துக்கு எட்டும் விலையன்று. ஆகவே கிள்ளான். ஏளனத்தை நிறுத்திக் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

வீட்டுடையோர் கூறும் விடை ஒன்றே: "நாங்கள் துணிந்து பணத்தைப் போடுகிறோம், துணிவுக்கு ஊதியம் பெறுகிறோம்." இது வெறும் பேச்சன்று. மூன்று லட்சம் வெள்ளி விலையுள்ள அடுக்குமாடி வீடொன்றைப் பத்திலொரு பங்கு கைப்பணமும் மற்றது வங்கிக் கடனுமாக வாங்குவதாகக் கொள்வோம். வட்டி நூற்றுக்கு 4, தவணைக் காலம் 35 ஆண்டு எனின், மாதம் ஏறக்குறைய 1,195 வெள்ளி கட்டவேண்டும். பராமரிப்புக் கட்டணம் 230. அதில் பத்திலொன்று கட்டடச் சேமநிதிக்கு, 23. வாடகை 1,500 வந்தால் கையில் நிற்பது 52 வெள்ளி. ஆண்டு முழுதுஞ் சேர்த்தால் 624! ஒரே ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடப்பின், அம்மிச்சத்தைப்போல் இருமடங்குக்கு மேல் போய்விடும். மதிப்பீட்டு வரி, நிலவரி, வருமான வரி, ஒழுகுங் குழாய் ஆகியவை இன்னும் கணக்கில் ஏறவில்லை. இலாபம் வேறோரிடத்தில் ஒளிந்திருக்கிறது. முதல் மாதத் தவணையில் 900 வெள்ளி வட்டிக்குப் போக, எஞ்சிய 295 கடனில் கழிகிறது. குடியிருப்பவன் பணத்தால் வீடு மெல்ல மெல்ல என்னுடையதாகிறது. விலை ஏறினாலும் எனக்கே, இறங்கினாலும் எனக்கே.

ஆகவே துணிவுக்குக் கூலி உண்டென்பதை ஒப்புகிறேன். என் வினா அதற்கப்பாற்பட்டது. அக்கூலியைப் பெறுகிறவர் ஆபத்தைத் தாமே சுமக்கிறாரா, அன்றிக் குடியிருப்பவன் தலையில் இறக்கிவிடுகிறாரா?

2020-ஆம் ஆண்டை நினைவுகூர்க. மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் முதல் ஆறு மாதங்களுக்குக் கடன் தவணைகளை ஒத்திவைக்கப் பேங்க் நெகாரா வழிசெய்தது. (ஒத்திவைப்பே; தள்ளுபடியன்று.) அவ்வாண்டு இயற்றிய 829-ஆம் சட்டம், நோய்க்காலத்தில் ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாதோர்க்கு நிழல் தந்தது. ஆயின் அதன் அட்டவணையில் இடம்பெற்றது குடியிருப்பல்லாத கட்டடங்களின் வாடகையே. கடைக்கு நிழல் உண்டு, குடும்பத்துக்கு இல்லை! அக்காலத்து வாடகைப் பாக்கிக்காகத் தட்டுமுட்டுகளை ஜப்தி செய்வதை மட்டும் அச்சட்டம் தடுத்தது, அதுவரையில் நன்று. பாதி வாடகை போதுமென்ற உடையவர்களை யான் அறிவேன். தம் தவணையை நிறுத்திவிட்டு, வேலையிழந்தவனிடம் முழு வாடகை கேட்டவர்களையும் அறிவேன். பின்னவர் பெற்றது எதற்குக் கூலி?

கூரை போவது எத்தகைய ஆபத்தென்பது தோட்டத்து மக்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. லயத்து வீடு வேலையோடு வருவது; வேலை போயின் அதுவும் போம். 1950-களில் ஐரோப்பியர் விற்ற தோட்டங்களை வாங்கியோர் துண்டாடியபொழுது, தொழிலாளர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். அத்துயர் கண்டே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டுவோர் மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்கு சேர்த்தனர். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அந்தப் பத்து வெள்ளியும் முதலீடே. ஆயின் அங்கு ஆபத்தைச் சுமந்தவரும் கூரையின்கீழ் வாழ்ந்தவரும் ஒரே வகுப்பார்.

நிற்க. என் வீடு காலியானபொழுது தரகர் ஒருவர் வந்தார், அவரும் தமிழரே. விளம்பரம் எழுதத் தொடங்கியவர், "இந்தியர் வேண்டா என்று போட்டுவிடட்டுமா, சார்? பலரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆபத்துக் குறைவு" என்றார். எனக்குப் பேச்செழவில்லை. சாதி கேட்டு வீடு மறுத்தவரைக் கண்டித்து மேடை மேடையாய் முழங்கியவரல்லமோ நாம்! இரண்டு மாத முன்பணம் என் கையில் இருக்கும். முத்திரையிட்ட உடன்படிக்கை இருக்கும். அதற்குமேல் நீதிமன்றம் இருக்கிறது. யாரோ ஒருவன் பாக்கி வைத்து ஓடினான் என்பதற்காக ஓரினம் முழுதும் வீதியில் நிற்கவேண்டுமாம். இதற்குப் பெயர் துணிவா?

அவ்வாறு எழுத வேண்டா என்றேன். வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. தவணையைச் சம்பளத்திலிருந்தே கட்டினேன். மனைவி ஒன்றுங் கூறவில்லை. அது கூறியதினும் கடுமையாயிருந்தது. நான்காம் மாதம் துறைமுகத்தில் லோரி ஓட்டும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வாடகையைக் கேட்குமுன், மலாயில், "நாங்கள் இந்தியர், பரவாயில்லையா?" என்றார். யான் தமிழில் விடை கூறினேன். மறுமுனையில் சிறிதுநேரம் பேச்சில்லை. பிறகு, முன்பணத்தை இரண்டு தவணையாகக் கொடுக்கலாமா என்று கேட்டார்.