வெயிலில் காய்ந்த படுக்கை

கோலார் தங்கவயலில் மார்கழி பஜனையும் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் அடுத்தடுத்து வருகின்றன. அன்றாடம் பெங்களூருக்கு ரயிலேறிச் செல்வோரும் அந்நாட்களில் வீட்டில் இருப்பர். சில வீடுகளில் மட்டும் முதியவர் ஒருவர் தலையணைகளில் சாய்ந்தபடி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருப்பார். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. நுரையீரலில் படிந்த பாறைத்தூளோ அகலவில்லை. 1940-களில் அங்கு 7,653 தொழிலாளரைச் சோதித்ததில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சிலிகோசிஸ் காணப்பட்டது. அதைக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. மூச்சுத்திணறலைத் தணிப்பதும் மனத்துக்குத் துணை நிற்பதுமே இயலும். இத்தகைய இல்லத்தில் பண்டிகை எங்கே நிகழ்கிறது?

1886 ஜனவரி முதல் நாள். கல்கத்தாவை அடுத்த காசிப்பூர் தோட்ட வீட்டில் ஸ்ரீராமகிருஷ்ணர் தொண்டைப் புற்றுநோயால் துன்புற்றிருந்தார். விடுமுறை நாளாகையால் இல்லறப் பக்தர்கள் பலர் வந்திருந்தனர். பிற்பகலில் அவர் மாடியிலிருந்து இறங்கித் தோட்டத்தில் உலவினார்; கூடியிருந்தோரைத் தொட்டு அருளினார். கல்பதரு தினமாக அது இன்றும் கொண்டாடப்படுகிறது.

அந்த ஆனந்தத்தில் கலவாதோர் யார்? இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்த நரேந்திரர் முதலிய இளைஞர்கள் அயர்ந்து உறங்கினர். லாட்டுவும் சரத்தும் விழித்தே இருந்தனர். குருதேவர் கீழே சென்ற நேரத்தில் அறையைத் துப்புரவு செய்து, படுக்கையை வெயிலில் காயப் போட்டனர். கீழே எழுந்த ஆரவாரம் தெரிந்தும் அவர்கள் இறங்கவில்லை. பாதியில் விட்டுச் சென்றால் திரும்பி வரும் நோயாளிக்குப் படுக்கை ஏது? இந்தச் சரத்தே பின்னாளில் சுவாமி சாரதானந்தராகி அந்நாளின் வரலாற்றை எழுதினார்.

பண்டிகைக்கு வரும் உறவினர் கேக்கும் பழமும் தந்து, பத்து நிமிடம் அமர்ந்து, வினைப்பயன் பேசிவிட்டு எழுகின்றனர். மூச்சு சீராக உள்ளவர்களுக்கே அந்தப் பேச்சு எளிது! அதைவிட, இரவுதோறும் விழிக்கும் மருமகளை ஓரிரவு உறங்கச் சொல்லி, அந்தக் கட்டிலருகே தாம் அமரலாம். விடுமுறைக்கு முன்பே மருந்து போதுமான அளவு உள்ளதா எனப் பார்த்து வாங்கி வைக்கலாம். சாம்பிராணிப் புகையும் பட்டாசுப் புகையும் அந்த ஜன்னலை அணுகாமல் காக்கலாம்.

மருத்துவமனையில் பண்டிகை இரவிலும் பணியிலிருக்கும் செவிலியரையும் ஆயாவையும் மறத்தலாகாது. பல நாள் பேணிய நோயாளி அன்று கண்மூடினால் அவர்களுக்கும் துக்கம் உண்டு. அதைக் கேட்பார் இல்லை. “சாப்பிட்டீர்களா, அம்மா?” என்று கேட்டு, சூடான உணவை அவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் உண்டு முடிக்கும்வரை நோயாளியின் அருகில் அமர்ந்திருக்கலாம்.