மனுவும் ஞாபகமும்

1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்குப் பெரும்பாலும் மற்றவர்மேல் காரணம் காட்டியாக வேண்டும். இருவரும் சம்மதித்துப் பிரியலாம் என்கிற 13பி பிரிவு 1976இல்தான் சேர்ந்தது. அதிலும் முதல் மனுவுக்குப்பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். உரிய வழக்குகளில் இதைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒருவர் சம்மதிக்காவிட்டால் மற்றவருக்குப் பழைய வழிதான். 'கொடுமை' போன்ற ஒரு காரணத்தை எழுத வேண்டும். வக்கீல் குமாஸ்தா தட்டச்சு செய்யும் பத்திகளில் பத்து வருஷ வாழ்க்கை குற்றப்பட்டியலாகிறது. சேர்ந்து சிரித்த நாட்களுக்கு அங்கே பத்தி எண் கிடையாது. ஒவ்வொரு சம்பவமும் நிஜமாக இருக்கலாம், தொகுப்பு பொய். கையெழுத்திட்டவர் நாளடைவில் அந்தப் பிரதியையே தன் ஞாபகமாக ஏற்றுக்கொள்கிறார். தீர்ப்பு இனிவரும் நாட்களைத்தான் பிரிக்கிறது. மனு, கழிந்த நாட்களையும் எடுத்துக்கொண்டுவிடுகிறது.