ஒரு நாழிகை முந்திய ஊர்

கொல்கத்தா, கரியாஹாட் நடைபாதை முழுக்கத் துணி. சோய்த்ர சேல், வருடக் கடைசித் தள்ளுபடி, இன்றோடு முடிகிறது. விலை கூவும் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. கொஞ்ச நேரத்தில் சொல் கரைந்து ஓசை மட்டும் இருக்கிறது.

ஒரு கை சேலையை உதறுகிறது. காற்று உள்ளே புகுந்து ஒரு கணம் நிற்கிறது. பிறகு மடிப்பு. மறுபடி உதறல்.

2025 ஏப்ரல் 14, திங்கள்.

வீட்டுக்குள் விசுவாவசு வருடம், சித்திரை 1. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ மிதக்கிறது. படியிறங்கினால் வங்காள வருடம் 1431, சோய்த்ர மாதக் கடைசி நாள். பெயர் ஒன்றுதான். மாடியில் பிறக்கிறது, தெருவில் கழிகிறது.

செருப்பு மாட்டும் நேரத்தில் ஒரு வருடம் பின்னால் போய்விடுகிறேன்.

சூரியன் மேஷத்தில் நுழைவது எல்லோருக்கும் ஒரே கணம். அஸ்தமனத்துக்குள் நுழைந்தால் நமக்கு அன்றே மாதப் பிறப்பு. வங்காளிகள் நள்ளிரவைப் பார்த்து, மறுநாளை முதல் நாளாக்குகிறார்கள். அந்த மாதத்தின் பெயரும் வேறு, போய்ஷாக்.

மடியில் ஒரு நோட்டு. இல்லாத ஒரு நாட்டுக்குப் பஞ்சாங்கம் எழுதுகிறேன். எத்தனை மாதம், தெரியவில்லை. நிலா ஒன்றா இரண்டா, அதுவும் தெரியவில்லை. ‘நாள் எப்போது தொடங்குகிறது’ என்று ஒரு வரி. அதன் கீழே நான்கு நாளாக எதுவும் இல்லை.

மீன் மார்க்கெட். ஈரத் தரை. அரிவாள்மணையின் முன் ஒருவர் குத்த வைத்திருக்கிறார். ரோகு மீன் நடுவில் பிளக்கிறது. ஐஸ் உருகிப் பலகை விளிம்பில் திரள்கிறது, கனக்கிறது, விழுகிறது.

அடுத்தது திரள்கிறது.

நாழிகை வட்டில் நினைவுக்கு வருகிறது. அடியில் துளையிட்ட கிண்ணம், தண்ணீரில் மெல்ல மூழ்கும். மூழ்கி முடித்தால் ஒரு நாழிகை, 24 நிமிடம். நாளுக்கு அறுபது. இங்கே அதே அளவுக்குத் தண்டம் என்று பெயர். இரண்டு தண்டம் உட்கார்ந்து போகச் சொல்கிறார்கள். யாரும் 48 நிமிடம் உட்காருவதில்லை.

நடைபாதையில் பஞ்சிகாக்கள், வங்காளப் பஞ்சாங்கங்கள். குப்தா பிரெஸ், 1869 முதல். பக்கத்தில் விசுத்த சித்தாந்தம், 1890 முதல். நம் வாக்கியமும் திருக்கணிதமும் போலத்தான், ஒன்றுக்கொன்று திதி ஒத்துப்போவதில்லை. பேலூர் மடம் இரண்டாவதைப் பார்க்கிறது. விற்பவர் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்.

1431 என்ற எண். அக்பர் பட்டமேறிய 1556 அன்றைய ஹிஜ்ரி கணக்கில் 963. அதுவரை நிலாவை எண்ணிய எண், அதன் பிறகு சூரியனை எண்ணத் தொடங்கியது என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். அந்த இடத்தில் தையல் தெரியவில்லை.

மேக்நாத் சாஹாவை நினைக்கிறேன். நட்சத்திரங்களின் வெப்பத்தை அளக்கச் சமன்பாடு தந்தவர். 1952இல் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவர். ஊருக்கு ஒன்றாகக் கிடந்த பஞ்சாங்கங்களைக் கூட்டி வைத்து, நாடு முழுமைக்கும் ஒன்று செய்தார்கள். 1957 மார்ச் 22இல் அது நடைமுறைக்கு வந்தது. அவர் அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார்.

அதில் சைத்ரம் முதல் மாதம். இன்று சைத்ரம் 24, சக வருடம் 1947. அரசிதழில் இருக்கிறது. இந்தத் தெருவில் அந்தத் தேதியைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கற்பனை நாட்டின் நாட்காட்டி என்றால் எனக்கு இதுதான் முதலில் தோன்றுகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, குடியிருக்க ஆள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. சுகுமார் ராயின் ‘ஹ ஜ ப ர ல’ கதை. அதில் ஒரு கிழவருக்கு வயது 13. அவர்கள் ஊரில் 40 ஆனதும் வயதைத் திருப்பிவிடுவார்கள். 39, 38 என்று இறங்கும். 10க்கு வந்ததும் மறுபடி ஏறும். சிலேட்டில் கணக்குப் போடும் காகமும் உண்டு. அதன் ஊரில் நேரத்துக்கு விலை.

நம் வருடப் பெயர்களும் அப்படித்தான். அறுபது போய்த் திரும்ப வரும். பிரபவ, விபவ என்று தாத்தா விரல் மடக்கிச் சொன்ன நினைவு. விசுவாவசு எந்த விரலில் வந்தது?

சுகுமார் ராய் இறந்தது 1923இல், காலா அசார் காய்ச்சலில். வயது 35.

இன்னும் ஏறிக்கொண்டிருந்த வயது.

வெயில் சாய்கிறது. கழுத்தில் வியர்வை, கொஞ்சம் காற்று, பிறகு அதுவும் இல்லை. மேம்பாலத்தின் நிழல் கடைக்காரரின் முழங்கால் வரை வந்திருக்கிறது.

இந்த ஊருக்கென்று ஒரு நேரம் இருந்தது. 1906இல் இந்திய நேரம் வந்த பிறகும் 1948 வரை கல்கத்தா தன் நேரத்தை வைத்திருந்தது. ஏறக்குறைய 24 நிமிடம் முன்னால். ஒரு நாழிகை. 1906க்கு முன் ரயில்களுக்கு மதராஸ் நேரம். ஹௌராவில் வண்டி ஏறியவர் தன் ஊர் மணியில் அரை மணிக்கும் மேலே கழித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஒரு நாழிகை 1948இல் எங்கே போனது?

கடிகார முள்ளைத் திருப்பிய விரல்களை நினைக்கிறேன். அன்று பால் கொதித்தது. அடுப்புக்குத் தெரியாது.

இரவு. குரல்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. ஒரு கடையில் சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்குப் புத்தகம், நாளைய ஹால்காதாவுக்கு, புதுக் கணக்குத் திறப்புக்கு. பிள்ளையார் இன்னும் செய்தித்தாளுக்குள் இருக்கிறார்.

சேலைகள் மூட்டையாகின்றன. முடிச்சு இறுகும் சத்தம்.

நோட்டைத் திறக்கிறேன். மூடுகிறேன்.

விடிகாலை. மார்க்கெட் வாசலில் பூனை. மீன்பலகை காய்ந்து கிடக்கிறது.

ஐஸ் வண்டி இன்னும் வரவில்லை.