விடைகொடுத்த இளவரசர்

பட்டுக்கோட்டையிலிருந்து கடலோரமாகப் போனால் சரபேந்திரராஜன்பட்டினத்தில் மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காகத் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம். அதே சரபோஜி வைத்த இன்னொரு நினைவுச்சின்னம் தஞ்சைக் கோட்டையின் சுவார்ட்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. அது ஒரு போதகருக்கானது.

அந்தப் போதகர், ஜெர்மானியரான சுவார்ட்ஸ் ஐயர், கப்பல் ஏறுமுன்பே ஊரில் தமிழ் படிக்கத் தொடங்கியவர். 1750இல் தரங்கம்பாடியில் இறங்கினார். பிறகு திருச்சி, தஞ்சை. 48 ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. ஹைதர் அலியிடம் தூது போனவரும் இவரே. தஞ்சையை ஆண்ட துளஜா மன்னர் தம் தத்துப்பிள்ளை சரபோஜியை இவருடைய பொறுப்பில்தான் விட்டார்.

1798 பிப்ரவரி 13 அன்று ஐயர் கண்மூடினார். முகம் பார்க்க இளவரசர் வர வேண்டுமென்று அடக்கம் தள்ளிவைக்கப்பட்டது. அரியணை ஏறாத இருபது வயதுப் பிள்ளை. வந்தார், அழுதார், உடலுக்குப் பொன்னாடை போர்த்தினார். தந்தையை இழந்த மகனின் கடமை அது, வேறென்ன? கல்லறைக்கு ஆங்கிலத்தில் இரங்கற்பாவும் அவரே எழுதினார்.

அரசரான பின் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் பளிங்குச் சிற்பம் செய்வித்தார். அதில் ஐயர் படுக்கையில் கிடக்கிறார். அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி. பக்கத்தில் பள்ளிச் சிறுவர்கள்.

சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. சிற்பத்திலும் மராத்தியத் தலைப்பாகையோடுதான் நிற்கிறார்.